சாகாத மீனின் ஈரல்

குரவை மீனின் வயிற்றைக் கீறிய பிறகு ஈரலை எடுக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. மலவாயிலிருந்து செவுள் வரை கத்தரி ஓட வேண்டும். நுனி மேல்நோக்கியே இருக்க வேண்டும், இல்லையென்றால் குடல் கிழிந்துவிடும். உள்ளே செங்கபில நிறத்தில் வழுவழுப்பாக ஈரல் தெரியும். அதை ஒட்டியே பச்சையாகப் பித்தப்பை. அது உடைந்துவிட்டால் அந்த மீன் வீண். பித்தம் படாமல் ஈரலைப் பிரித்து, குளிரவைத்த உப்புக் கரைசலில் அலசி, வடிதாளில் ஒற்றி, எடை போட்டு, கண்ணாடிக் குழாயில் இட்டு டெஃப்லான் உலக்கையால் அரைக்க வேண்டும். அரைத்து முடியும் வரை குழாய் பனிக்கட்டிக்குள்தான் இருக்கும். மீன் செத்துவிட்டாலும் ஈரலின் வேதிவினைகள் உடனே ஓய்வதில்லை. கை தாமதித்தால், அந்த மீன் பட்ட பாட்டோடு நம்முடைய மெத்தனமும் சேர்ந்து கருவியில் பதிவாகிவிடும்.

அரைத்த கூழோடு ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலமும் தயோபார்பிட்யூரிக் அமிலமும் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் மெல்ல இளஞ்சிவப்பு நிறம் ஏறும். ஆறவைத்துச் சுழற்றி, தெளிந்த நீரை 532 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, ஈரல் செல்களின் கொழுப்பு அவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பொருள். முதுகலை படிக்கும்போது இதை முதன்முதலில் செய்துகாட்டிய பேராசிரியை சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவான ஒன்றை இன்றுவரை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. “தேங்காயெண்ணெய் காறிப்போச்சுன்னு வீட்ல சொல்லுவாங்கல்ல, அதேதாம்மா இது. புட்டியில காறுறது, இங்க உயிரோட இருக்குற ஈரல்ல காறுது” என்றார். இறைச்சியும் மீனும் காறிவிட்டனவா என்று பார்க்க உணவுத் துறையினர் கையாளும் சோதனையும் இதுவேதான்.

உயிருள்ள செல்லுக்குள் கொழுப்பு ஏன் காற வேண்டும்? எல்லாம் ஆக்சிஜனால் வருவது. ஆக்சிஜன் நீராக மாற நான்கு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள வேண்டும். செல்லின் மைட்டோகாண்ட்ரியா அந்த நான்கையும் பெரும்பாலும் ஒழுங்காகக் கொடுத்து முடித்துவிடும். ஆனாலும் வழியில் கொஞ்சம் சிந்தும். ஓர் எலக்ட்ரானோடு நழுவியது சூப்பர்ஆக்சைடு. இரண்டோடு நின்றது ஹைட்ரஜன் பெராக்சைடு. இந்தப் பெராக்சைடு, கட்டுக்குள் இல்லாத இரும்பு அணுவைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்பு (ஃப்ரீ ரேடிக்கல்) பிறக்கிறது. அது பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைத் தாக்கும். கொழுப்பா, புரதமா, டிஎன்ஏவா என்று பார்க்காது. கொழுப்பைத் தாக்கினால் தாக்கப்பட்ட கொழுப்பு அடுத்த கொழுப்பைத் தாக்கும், அது அடுத்ததை. வரிசை நீண்டுகொண்டே போகும்.

இந்தச் சிதறலை அள்ளித் துடைக்க ஒவ்வொரு செல்லிலும் ஏற்பாடு உண்டு. செம்பு அடங்கிய ஒரு புரதத்தை 1938லேயே மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். அது என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் புரியாமல் இருந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் 1969இல் விடை கண்டார்கள்: சூப்பர்ஆக்சைடைப் பிடித்துப் பெராக்சைடாக மாற்றுவதே அதன் வேலை. அதற்குச் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயர் வந்தது. அடுத்த கட்டத்தில் கேட்டலேஸ் என்னும் நொதி பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். மீன் கழுவும்போது கிடைக்கும் ஈரல் துண்டின்மேல், மருந்துக்கடையில் புண் கழுவ வாங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை இரண்டு சொட்டு விட்டால் போதும், நுரை பொங்கும். அந்த நுரை முழுக்கக் கேட்டலேஸ் விடுவித்த ஆக்சிஜன். ஒரு சதைத் துண்டின்மேல் அதே இரண்டு சொட்டை விட்டுப் பார்த்தால் அவ்வளவு நுரை வராது. ஈரலில் இந்த நொதி அவ்வளவு குவிந்திருக்கிறது. இவற்றோடு குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறும் உண்டு. மூன்றே அமினோ அமிலங்கள் சேர்ந்தது, கந்தகம் உள்ளது, தன்னையே கொடுத்து மற்றதைக் காப்பது.

சிந்துவது துடைப்பதை மிஞ்சும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். ஜெர்மானிய உயிர்வேதியியலர் ஹெல்முட் சீஸ் 1985இல் இந்தச் சொல்லை வரையறுத்தார். இன்று முகப்பூச்சு விளம்பரம் வரை இந்தச் சொல் போய்விட்டது. மீனைப் பொறுத்தவரை இது சாவுக்கும் வாழ்வுக்கும் இடையில் இருக்கும் நீண்ட நோய்க்காலத்தின் பெயர். அந்த நோய்க்காலத்தைத்தான் நாம் பார்ப்பதே இல்லை.

மீன்கள் செத்து மிதந்தால் செய்தி வரும். துர்நாற்றம், புகார், நீர் மாதிரி எடுக்க வரும் ஜீப், ஒரு வாரப் பரபரப்பு. பெரும்பாலான சமயம் காரணம் கழிவுநீர் வந்து ஆக்சிஜன் தீர்ந்துபோனதாக இருக்கும். ஆனால் சாகாமல் இருக்கும் மீனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் ஏரிகளில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் எதையும் தாங்குகிற வகைகள். குரவையும் விராலும் தேளியும் நீரில் ஆக்சிஜன் இல்லையென்றால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை சாக்கடையிலும் குஞ்சு பொரிக்கும். இவை துள்ளுவதைப் பார்த்து, தண்ணீர் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். தாங்குகிற மீன் எதைக் கொடுத்துத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் அதன் ஈரலைத்தான் திறக்க வேண்டும்.

மீனின் உடலமைப்பே இந்த விஷயத்தில் அதற்கு எதிராக இருக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் நம் ஏரி நீரில், நல்ல நிலையில்கூட, காற்றிலிருந்து கரைவது லிட்டருக்கு ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான். ஆகவே உயிர் வாழத் தேவையான ஆக்சிஜனுக்காக மீன் ஓயாமல் நீரைச் செவுள் வழியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். செவுளின் தோல் மிக மெல்லியது. அதற்கு அப்பால் நேராக இரத்தம். நீரில் எது கரைந்திருந்தாலும் நாள் முழுக்க அதை உரசிக்கொண்டே இருக்கிறது. அடுத்தது கொழுப்பு. மீன் நமக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணமான ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள், மீனின் செல் சவ்வுகளில் நிறைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றான டிஎச்ஏவில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பின் பக்கத்திலும் எளிதில் பறிபோகும் ஹைட்ரஜன் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு, ஆகவே அது மெதுவாகக் காறும். மீனெண்ணெய் வெகு சீக்கிரம் காறுவது ஏன் என்று இப்போது புரியும். அந்த எண்ணெயால் ஆன சவ்வுகளோடுதான் மீன் வாழ்கிறது. போதாக்குறைக்கு, முள்ளுள்ள மீன்களில் ஏறக்குறைய எல்லாமே நம்மைப் போலவே வைட்டமின் சியைத் தாமாகச் செய்துகொள்ள முடியாதவை; இரையிலிருந்துதான் பெற வேண்டும்.

குடலிலிருந்து வரும் இரத்தம் வேறெங்கும் போகுமுன் ஈரலுக்கு வருகிறது. செவுள் வழியாக உடலுக்குள் வந்த நஞ்சும் சுற்றிச்சுற்றி அங்கேதான் சேர்கிறது. நீரில் கரையாத நஞ்சைக் கரையக்கூடியதாக்கி, பித்தத்தின் வழியே வெளியேற்றுவது அதன் பணி. சிக்கல் என்னவென்றால், கரைய வைப்பதற்கான முதல் படியே ஆக்சிஜனை ஏற்றுவதுதான். சில நஞ்சுகள் அந்தப் படியில் முன்னைவிடக் கொடியவையாக மாறிவிடுகின்றன. சுத்தம் செய்யப் போன இடத்திலேயே ஈரலுக்கு அடி விழுகிறது.

குரோமியத்தை எடுத்துக்கொள்கிறேன். வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இது வேதியியல் பாடத்துச் சொல் அல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகத் தோல் பதனிடுகிறார்கள். தோலைப் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது செல்லுக்குள் எளிதில் போவதில்லை. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் வேறு ஜாதி. ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகளைத் தயாரித்த ஓர் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்த வெளியில் விட்டுப் போனது. ஆறு இணைதிறன் குரோமியம் அந்தக் குவியலில் இருக்கிறது. மழைக்குப் பிறகு அதைச் சுற்றித் தேங்கும் நீர் மஞ்சளாக இருக்கும்; அந்த மஞ்சள் குரோமேட்டின் நிறம். தோல் கழிவையும் இந்தக் குவியலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே சமயம், மூன்று இணைதிறன் குரோமியமும் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடைச் சந்தித்தால் ஆறாக மாறக்கூடும் என்பதால், தோல் கழிவை நல்லபிள்ளையாக்கிவிடவும் முடியாது.

ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் குரோமேட்டாக இருக்கிறது. அதன் வடிவம் சல்ஃபேட்டைப் போலவே இருக்கும். சல்ஃபேட் செல்லுக்கு வேண்டிய பொருள். அதை உள்ளே விடுவதற்கென்றே சவ்வில் வாசல்கள் உண்டு. குரோமேட் அந்த வாசல் வழியாகவே உள்ளே வருகிறது. உள்ளே வந்ததும் குளூட்டாதயோனும் வைட்டமின் சியும் அதற்கு எலக்ட்ரான் கொடுத்து அடக்கப் பார்க்கின்றன. ஆறு ஐந்தாகிறது, ஐந்து நான்காகிறது, நான்கு மூன்றாகிறது. ஒவ்வொரு படியிலும் அந்தத் தனி உறுப்புகள் தெறிக்கின்றன. காப்பாற்ற இருந்த குளூட்டாதயோன் இந்த வேலையிலேயே தீர்ந்துபோகிறது. கடைசியில் மிஞ்சும் மூன்று இணைதிறன் குரோமியம் டிஎன்ஏவோடும் புரதத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர முடியாமல் இருந்ததே இப்போது உள்ளேயே பிறந்துவிட்டது, வெளியே போகவும் வழியில்லை.

பொட்டாசியம் டைக்குரோமேட் கலந்த தொட்டியில் குரவையை வைத்துப் பார்த்த ஆய்வுகள் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நிறைய உண்டு. ஈரலை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, ஹீமடாக்சிலின்–இயோசின் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் கதை கண்ணெதிரே விரியும். நல்ல ஈரலில் பலகோணச் செல்கள் நெருக்கமாக, ஒவ்வொன்றின் நடுவிலும் உருண்டையான உட்கரு. அடிபட்ட ஈரலில் செல்களுக்குள் குமிழிகள், சுருங்கிக் கறுத்த உட்கருக்கள், விரிந்து இரத்தம் தேங்கிய நுண்குழல்கள். அங்கங்கே பழுப்பாக நிறமித் திட்டுகள் தென்படும். சிதைந்த கொழுப்பும் புரதமும் கலந்து, செரிக்கவும் முடியாமல் வெளியேற்றவும் முடியாமல் கெட்டித்துப்போன லிப்போஃபசின் இவற்றில் சேர்ந்திருக்கும். எண்ணெய்ச் சட்டியின் அடியில் ஒட்டிய பிசுக்கைப் போன்றது இது. வயதான மீனிலும் இருக்கும். இளம் மீனில் கூட்டமாகத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

குரோமியத்தை மட்டும் குற்றவாளியாக்குவதும் சரியல்ல. நம் ஊர்க் குளங்களில் இன்னும் பரவலாக இருப்பது நீலப்பச்சைப் பாசி. சாக்கடையின் பாஸ்பரஸைத் தின்று பெருகும் மைக்ரோசிஸ்டிஸ், கோடையில் நீரின்மேல் பச்சைப் பெயின்ட் ஊற்றியது போலப் படரும். அது வெளியிடும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு, ஈரல் செல்லின் சவ்வில் உள்ள கடத்திகள் வழியாக உள்ளே நுழைகிறது. அதனால்தான் மற்ற உறுப்புகளைவிட ஈரல் முதலில் விழுகிறது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், சரியாகச் சுத்திகரிக்கப்படாத ஏரி நீர் சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனதில், ஈரல் செயலிழந்து 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அந்த நஞ்சு நீந்துகிற நீரிலேயே பிறந்து வளரும் கெண்டைகளின் ஈரல் எந்த நிலையில் இருக்கும் என்பதை யோசிக்க வேண்டும்.

இங்கே என் துறைக்காரர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நம் கல்லூரிகளில் இந்தப் பொருளில் எழுதப்படும் ஆய்வேடுகளின் வார்ப்பு ஒன்றுதான். ஒரு மீன், ஒரு ரசாயனம். முதலில், 96 மணி நேரத்தில் பாதி மீன்கள் சாகும் செறிவைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு அதில் பத்தில் ஒரு பங்கு செறிவில் 7, 14, 21, 28 நாட்கள் மீன்களை வைப்பார்கள். கொழுப்புச் சிதைவு கூடியது, குளூட்டாதயோன் குறைந்தது, ஈரல் கெட்டது என்று முடிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அது பொய்யல்ல. வழிமுறையைக் கற்றுக்கொள்ள அதுவே பள்ளிக்கூடம். ஆனால் எந்த ஏரி மீனும் ஒரே ரசாயனத்தில் 28 நாட்கள் நீந்துவதில்லை. ஐந்தாறு கழிவுகள் ஒன்றாக, குறைந்த அளவில், ஆண்டுக்கணக்கில் படுகின்றன. விடியற்காலையில் ஆக்சிஜன் வற்றி மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. வெயில் ஏறியதும் பாசி ஆக்சிஜனைக் கொட்டுகிறது. அந்த ஏற்ற இறக்கமே தனி அழுத்தம். தொட்டியில் இவை எதுவும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அழுத்தம் தொடங்கியதும் காப்பு நொதிகள் குறைவதில்லை, கூடும். செல்லுக்குள் கீப்1 என்ற புரதம் என்ஆர்எஃப்2 என்ற மற்றொன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆக்சிஜனேற்றம் மிகுந்ததும் பிடி தளர்ந்து, இரண்டாவது புரதம் உட்கருவுக்குப் போய்க் காப்பு நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். மீனிலும் மனிதரிலும் இதே ஏற்பாடுதான். அடி நீடித்தால் நொதிகளே சிதைந்து அளவு சரியும். ஆகவே கேட்டலேஸ் அதிகம் என்றால் மீன் போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குறைவு என்றால் நலமாக இருக்கிறது என்றோ, போராடிக் களைத்துவிட்டது என்றோ இரண்டில் ஒன்று. ஏரிக்கு ஒரே ஒரு நாள் போய் ஒரே ஒரு அளவை எடுத்து வந்தால் இதில் எது என்று சொல்ல இயலாது. முட்டைக் காலத்தில் பெண் மீனின் ஈரல், கருவுக்கான புரதத்தைத் தயாரித்து வீங்கியிருக்கும். அப்போது எடுத்த அளவை வேறு பருவத்து ஆண் மீனோடு ஒப்பிட்டுவிட்டு மாசு என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். ஒரே இடத்துக்கு, ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அப்படித் திரும்பித் திரும்பிப் போனவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிளாக் ரிவர் என்றொரு சிறிய ஆறு, லொரேன் நகரில் ஈரி ஏரியில் கலக்கிறது. கரையில் பெரிய எஃகு ஆலை. நிலக்கரியைச் சுட்டு கோக் ஆக்கும் பிரிவின் கழிவு ஆற்றில் விழும். கரி எரிவதில் பிறக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் அடிச் சேற்றில் படிந்தன. அந்தச் சேற்றில் மீசையால் துழாவி இரை தேடும் பழுப்புக் கெளுத்தி அங்கே வாழ்ந்தது. மேலே சொன்ன அந்த முதல் படிதான் இங்கும் நடக்கிறது. ஈரல் இந்த ஹைட்ரோகார்பன்களில் ஆக்சிஜனை ஏற்றும்போது, அவற்றில் சில டிஎன்ஏவோடு நேரடியாக ஒட்டுகின்றன. சில குயினோன்களாக மாறி, எலக்ட்ரானை வாங்குவதும் ஆக்சிஜனுக்குக் கொடுப்பதுமாகச் சுற்றிச் சூப்பர்ஆக்சைடைத் தொடர்ந்து உமிழ்கின்றன. முடிவில் புற்று.

பால் பவ்மன், ஜான் ஹார்ஷ்பார்கர் என்ற இருவர் அந்தக் கெளுத்திகளின் ஈரலை ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். 1982இல், 3, 4 வயது மீன்களில் 38.5 சதவீதத்துக்கு ஈரலில் புற்று இருந்தது. அதாவது பத்து மீன் பிடித்தால் நான்கு. அவை செத்து மிதக்கவில்லை. ஆற்றில் நீந்தி, இரை தின்றுகொண்டிருந்த மீன்கள்தான். 1983இல் அந்தக் கோக் பிரிவு மூடப்பட்டது. 1987 வாக்கில் மேற்சேற்றில் ஹைட்ரோகார்பன்களின் அளவு 1980இல் இருந்ததில் மிகச் சிறு பங்காகிவிட்டது. மீன்களில் புற்று 10 சதவீதத்துக்கு இறங்கியது. எந்தக் கட்டியும் இல்லாத ஈரல்கள் 20.5 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் கூடின.

கதை அங்கே முடிந்திருந்தால் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். 1990இல், மிச்சமிருந்த நச்சுச் சேற்றை அள்ளுவதற்காக ஆற்றைத் தூர்வாரினார்கள். அடியில் புதைந்து கிடந்தது கிளறப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் பிடித்த மீன்களில் புற்று மறுபடியும் பழைய அளவுக்கே ஏறியிருந்தது. 1994இல் மூன்று வயது மீன்களைப் பிடித்துப் பார்த்தார்கள். அவை தூர்வாரி முடிந்த பிறகு பிறந்தவை. அந்தக் கலங்கலைக் குடிக்காதவை. அவற்றில் ஒன்றுக்குக்கூட ஈரல் புற்று இல்லை.

இந்த வரலாற்றைப் படித்தபோது நான் வெகுநேரம் அந்த மூன்று வயது மீன்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீர் மாதிரியை ஒரு புட்டியில் எடுத்து வந்து சோதித்தால், அந்த ஒரு நாளின் செய்தி கிடைக்கும். மூன்று வயது மீனின் ஈரல் மூன்று ஆண்டுகளைச் சொல்லும். ஆலை மூடியதும், தூர்வாரியதும், அது சரியாகச் செய்யப்பட்டதா என்பதும், கடைசியில் பலன் கிடைத்ததும் எல்லாம் அந்தக் கெளுத்திகளின் ஈரலில் ஆண்டு வாரியாகப் பதிந்திருக்கின்றன. இருவரும் 1987இல் கடையைக் கட்டியிருந்தால் தூர்வாரலின் தீங்கும் தெரிந்திருக்காது, அதன் நன்மையும் தெரிந்திருக்காது.

பாலாற்றுக்கு வருவோம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அதில் எழுதினார். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் தொழில் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதையும், திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 மாசுபட்டதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகளுக்கும் மேல். நிலத்துக்குக் கணக்கு இருக்கிறது, கிணற்றுக்குக் கணக்கு இருக்கிறது. இந்த 28 ஆண்டுகளில் ஏரி மீனின் ஈரலை ஆண்டுதோறும் ஒருவர் எடுத்து வைத்திருந்தால், தீர்ப்புக்குப் பிறகு எது மாறியது, எது மாறவில்லை என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேறு சாட்சி வேண்டியிருக்காது.

பாலாற்றில்தான் வருடம் முழுக்க நீரே இல்லையே, மீனுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஆறு காய்ந்தாலும் அதன் இரு கரையிலும் ஏரிகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் கால்வாய் வழியே நீர் வருகிறது. விரால், குரவை, கெளுத்தி, ஜிலேபி எல்லாம் வளர்கின்றன. ஏரி வற்றும்போது ஊரே கூடி மீன் பிடிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த ஒரு நாள் போதும். பத்துக் குரவைகளை விலை கொடுத்து வாங்கி, நீளம் அளந்து, ஆணா பெண்ணா என்று குறித்து, ஈரலில் ஒரு துண்டைப் பனிக்கட்டியிலும் ஒரு துண்டை ஃபார்மலினிலும் போட்டுக்கொண்டு வந்தால், அன்று மாலைக்குள் கொழுப்புச் சிதைவும் கேட்டலேஸும் குளூட்டாதயோனும் பார்த்துவிடலாம். சுழற்றும் கருவி, நிறமானி, கொதிநீர்த் தொட்டி எல்லாம் விலங்கியல் துறையுள்ள கல்லூரிகளில் இருப்பவைதான். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். அடுத்த ஆண்டும் அதே ஏரிக்குப் போக ஒரு மாணவர் வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டு, அவருக்கு அடுத்து வரும் மாணவர்.

சாப்பிடுகிறவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பெரிய மீனில் ஈரலைக் குடலோடு சேர்த்து எறிந்துவிடுகிறோம். கன உலோகம் சதையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் மிகுதியாகச் சேர்வது வழக்கம் என்பதால் அது நல்லதே. அயிரை அப்படியல்ல. மதுரைப் பக்கம் உயிரோடு வாங்கி வந்து, பாலிலோ தேங்காய்ப் பாலிலோ நீந்தவிட்டு, வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்க வைத்து, முழுசாகக் குழம்பில் போடுவார்கள். மண் போய்விடும். ஈரல் குழம்போடு தட்டுக்கு வரும். அயிரை வரும் கண்மாயின் நீர் எப்படியிருக்கிறது என்று கேட்கும் உரிமை, தின்கிற ஒவ்வொருவருக்கும் உண்டு.

நான் படித்த துறையின் ஆய்வகத்தில் மரக்கதவு போட்ட ஓர் அலமாரி இருந்தது. உள்ளே தீப்பெட்டி அளவில் மெழுகுக் கட்டிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகளவு ஈரல். பல தலைமுறை ஆய்வு மாணவர்கள் விட்டுப்போனவை. மெழுகில் பதித்த திசு கெடுவதில்லை. இன்று சீவிச் சாயமேற்றினாலும் செல்கள் தெரியும். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து அவற்றின் சீட்டுகளை எல்லாம் படித்துப் பார்த்தேன். பென்சிலால் எழுதியிருந்ததால் எழுத்து அழியவில்லை. ‘ஒப்பீட்டுத் தொட்டி’, ‘7ஆம் நாள்’, ‘28ஆம் நாள்’, ‘பத்தில் ஒரு பங்கு’ என்று வரிசையாக இருந்தது. ஓர் ஏரியின் பெயரைக்கூட நான் பார்க்கவில்லை.